குவித்த கை

முப்பது வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். கூண்டில் ஏறும் சாட்சிகளுக்கு உறுதிமொழி வாசித்துக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அதே கூண்டில் நான் ஏற வேண்டும். சம்மன் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

போன வருடம் ஒரு காலை, ஏழு மணி இருக்கும். நானும் மனைவியும் புதுக்கடை ஊருக்கு அப்பால் உள்ள எங்கள் தென்னை விளைக்கு ஸ்கூட்டரில் போனோம். தோப்புக்குப் போகிற எல்லோரையும் போல நானும் சீட்டுக்கடியில் வெட்டுக்கத்தி வைத்திருப்பேன். வண்டியை நிறுத்தி அதை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தவன் என் மனைவியின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான்.

சங்கிலி வரவில்லை. பறிப்புகள் பெருகிய பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் சங்கிலியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்கிறார்கள். ஒன்று போதாது, இரண்டு குத்து என்று சொன்னவன் நான். அதனால் சங்கிலியோடு அவளும் இழுபட்டாள். முழங்கால் தாரில் உரசிக்கொண்டே போனது. கழுத்து அறுந்துவிடும் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கத்தியின் பின்புறத்தால் அவன் தோளில் அடித்தேன். பிடியை விட்டான். பைக் சரிந்தது.

இதுவரை செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

பைக்குக்கு அடியில் கால் மாட்டி, ஹெல்மெட் கழன்று கிடந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு கைகளையும் குவித்தான். “பாட்டா, வெட்டாதீங்க. நான் போயிருதேன்.”

கத்தியைத் திருப்பிப் பிடித்து வெட்டினேன். குவித்த கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் போயின.

தற்காப்பு உரிமை ஆபத்தின் அச்சம் இருக்கும்வரைதான். அச்சம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. எத்தனையோ தீர்ப்புகளில் இதைப் படித்தவனுக்குக் காவல் நிலையத்தில் என்ன சொல்வது என்று யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான், ஆயுதம் எடுக்கிறான் என்று பயந்து வெட்டினேன் என்றேன். அவனிடம் இருந்தது ஒரு செல்போன் மட்டும். ஆனாலும் என்மேல் வழக்கு வரவில்லை; பறிப்பு வழக்கு அவன்மேல், அதில் நானும் மனைவியும் சாட்சிகள். அவள் தனக்குக் கண் இருட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

டீக்கடையில் என்னைக் கொண்டாடினார்கள். “பேனா பிடிச்ச கையால இது, மக்கா!” என்று ஒருவர் என் கையைத் தூக்கிக் காட்டினார். சிரித்தேன். அன்றிலிருந்து கேட்டில் சத்தம் கேட்டால், யாரென்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

நேற்று மனைவி முழங்கால் தழும்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: “அவன் கும்பிட்டான், இல்லியா?”

எண்ணெய்ப் புட்டியை எடுத்து மூடினேன்.

“என்கிட்ட கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன். அதுக்கு முன்ன நீங்களே சொல்லிருங்க.”

வக்கீல் நண்பரிடம் விசாரித்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த வழக்கில் நீங்கள்தான் குற்றவாளி, இந்த வயதில் சிறை தாங்காது, முதலில் சொன்னதையே சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். அவர் சொன்னது என் நன்மைக்குத்தான். வரும் வழியெல்லாம் அதையே சொல்லிவிடலாம் என்று தோன்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் அப்படியே முடிவு செய்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் நடந்ததை இங்கே எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, அவளிடம் கொடுக்கிறேன்.