சத்தமில்லாத அழுகை

என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். வாயை அகலத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, ஆறும் வெயிலும் எதிரே வந்த டவுன் பஸ்களும் அவளைப் போலவே சத்தமின்றி நகர்வதாகத் தோன்றியது.

திருச்சி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். இதயம் வீங்கியிருந்தது. டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "நீங்க தினம் என்ன சாப்பிடுறீங்க?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "குழந்தை உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. என் சாப்பாட்டைக் கேக்குறீங்களே!"

"உங்க பால் மட்டும்தானே குடிக்கிறா? சொல்லுங்க."

"பத்தியம்தாங்க, இன்னும் விடலை," என்றேன், சற்றுப் பெருமையாகவே. கஞ்சி வடித்த வெள்ளைச் சோறு, பூண்டு ரசம். பத்தியம் போதும் என்று அம்மா சொல்லியும், குழந்தைக்கு மந்தமாகிவிடும் என்று பருப்பு, பயறு, காய் எதையும் நான் தொடவில்லை.

"அப்ப உங்க பால்ல பி ஒன் வைட்டமின் இருக்காதும்மா. அது இல்லாமதான் இதயம் வீங்கி, குரலும் போயிருக்கு. பிளட் டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், ஊசி போட்டுடலாம்."

சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. குரல் மட்டும் வரவில்லை. கனவில் உட்கார்ந்திருப்பவள் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில், எங்கோ தூரத்தில் கதவு திறப்பது போல மெல்லிய கிறீச்சொலி கேட்டது. அவள்தான்.

இப்போதும் அவள் அழுதால் பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுப்பார்: "குழந்தை அழுவுது பாருங்க, தூக்குங்க!"

பருப்புச் சோறு பிசைந்த கையோடு, அந்த அழுகையை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவேன்.