சமர்ப்பணம் என்ற சொல்லுக்குக் கீழே

கிளிநொச்சியில் மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம், ஒரு ரியூசன் கொட்டகையில் எழுத்தாளர் ஒருவரை அழைத்துக் கதைப்போம். கேள்வி கேட்பது நான். கைபேசியில் பதிவுசெய்து யூரியூப்பில் போடுவோம். வருகிற சனம் குறைவுதான். ஆனால் பெரும்பாலும் புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அந்த முறை வந்தவர் தர்மபுரத்தில் மில் நடத்தும் ஒரு அக்கா. தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபின், தறப்பாள் கொட்டிலுக்குள் மிளகாய் இடித்து விற்கத் தொடங்கிய அக்கா, இப்போது தூளும் குரக்கன் மாவும் வவுனியாக் கடைகள் வரை அனுப்புகிறார். அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்திய கதைதான் அவருடைய புத்தகம்.

தொழிலைப் பற்றிக் கேட்டபோது கலகலப்பாகத்தான் பேசினார்.

"அம்மா தோட்டத்து முறையில தூள் அரைப்பா. இஞ்சத்தைச் சனத்துக்கு அது பிடிக்கேல்ல. வறுவல் காணாது, பெருஞ்சீரகம் காணாது எண்டினம். பேந்து நான் ரெண்டு தூளும் செய்யப் பழகினன். இப்ப அவையள் எங்கட தூளையும் கேட்டு வாங்கினம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். புத்தகத்தின் முன்பக்கங்களில் ஒன்றில் 'சமர்ப்பணம்' என்ற சொல் மட்டும் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

"இதில பேர் விடுபட்டுப் போச்சுதோ அக்கா?"

"விடுபடேல்ல, தங்கச்சி. நான்தான் விடச் சொன்னனான்."

தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். குடிக்காமலே மூடினார்.

"அது என்ர அண்ணாவுக்கு. பள்ளிக்கூடத்தில நான் எழுதின கட்டுரையளை வாங்கி வாசிக்கிறது அவர் மட்டும்தான். சண்டை முடியேக்க ஓமந்தையில ஆமி பதியிற வரிசையில நிக்கேக்க கண்டதுதான் கடைசி. 'நினைவாக' எண்டு போட்டா, அவர் இல்லையெண்டு நானே அச்சடிச்ச மாதிரி. 'அண்ணாவுக்கு' எண்டு மட்டும் போட்டா, வாசிக்கிற ஆக்கள் 'எங்க உங்கட அண்ணா' எண்டு கேப்பினம். ரெண்டு மாதிரியும் அச்சகத்தில அடிச்சுக் காட்டினவை. ரெண்டையும் எடுக்கச் சொல்லிப்போட்டன்."

மிச்சக் கேள்விகளை வந்திருந்தவர்களிடம் விட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்தவர். கேள்வி கேட்கப் போகிறார் என்று ஒலிவாங்கியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மேசைக்கு வந்து, தன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்து அக்காவின் முன்னால் வைத்தார்.

"இதில என்ர மகன்ர பேரை எழுதித் தாறீங்களோ பிள்ளை?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னெண்டு எழுத அம்மா?"

"வேற ஒண்டும் வேண்டாம். பேரை மட்டும் எழுதுங்கோ."

அக்கா எழுதத் தொடங்கினார். பாதியில் அந்த அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "பெரிய 'ற' போடுங்கோ. அவன் அப்பிடித்தான் எழுதுறவன்."

எழுதினவன் என்று அவர் சொல்லவில்லை. அக்கா வெட்டித் திருத்தவில்லை; என்னிடம் புதுப் பிரதி ஒன்று கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். சிலர் கணவரின் பெயரைச் சொன்னார்கள், ஒருவர் மகளின் பெயரை. நான் கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து சுவரோரம் போய் நின்றேன். கைபேசி பதிவாகிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போய் நிறுத்தினேன்.

பதிவை என்ன செய்வது என்று மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"நான் சொன்னதைப் போடுங்கோ. அந்த அம்மா வந்ததைப் போடாதேங்கோ. அவா என்னட்டத்தான் வந்தவா, யூரியூப்புக்குக் கதை சொல்ல வரேல்ல."

அப்படியே வெட்டினேன். உரையாடல் திடீரென்று முடிந்துவிட்டதாகப் பார்த்தவர்கள் சிலர் எழுதினார்கள். நான் பதில் போடவில்லை.

சில மாதங்களில் புத்தகம் இரண்டாவது தடவையும் அச்சுக்குப் போனது. அன்று நான் மில்லில் அவரோடு இருந்தேன். அச்சகத்தார் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தில் இம்முறையாவது ஏதும் போடுவதா என்று கேட்டார்கள். அக்கா மெசினை நிறுத்திவிட்டு வந்து பதில் சொன்னார்.

"இல்லை, அப்பிடியே இருக்கட்டும். ஆனா அந்தத் தாளை மட்டும் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ. பேனை மை மற்றப் பக்கத்துக்கு ஊறுது."