அண்ணன் கையில் நான்கு நாள்

ராட்டர்டாம் டிராமில் எதிரே இருந்த பெரியவர் என்னிடம் மணி கேட்டார். மணிக்கட்டைக் காட்டினேன். முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. பட்டையில் கோத்த கறுப்பு டப்பா மட்டும். கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பார்க்கின்சன் நோய் வந்து எனக்கு அப்போது இரண்டு வருடம். வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கும். மாத்திரை போட்டால் அடங்கும். எப்போது அடங்குகிறது, எப்போது திரும்புகிறது என்று மருத்துவமனையில் கட்டிவிட்ட அந்த டப்பா பதிந்து வைக்குமாம். அதைப் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றுவார்களாம். "யார் பார்ப்பார்கள்?" என்று என் அரைகுறை டச்சில் கேட்டேன். "நாங்கள் எல்லாரும்தான்" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னது மருத்துவமனை ஆட்களை. எனக்கோ நான் வேலை பார்க்கும் கிடங்கின் மேனேஜர் முகம்தான் தெரிந்தது. என்னை வேலையை விட்டுத் தூக்க ஒரு டப்பா போதுமே.

அந்த மாதமே விடுமுறையில் சென்னைக்கு, எங்கள் ராயபுரம் வீட்டுக்குப் போனேன். ஊரிலும் கழற்றக் கூடாது என்றிருந்தார்கள். அண்ணன் அந்தோணி திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி.

"இன்னாடா இது, மணியே காட்ல?"

சொன்னேன்.

"உன் நடுக்கத்த எழுதிக்கினே கீதா? எவனுக்குக் காட்டறதுக்கு?"

"டாக்டருக்குன்றாங்க."

"நம்பிக்கினு இரு. குட்றா இங்க. நாலு நாளு நான் கட்டிக்கிறேன். கை ஆடாத மாதிரி பதியட்டும்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றிக் கொடுத்தேன். நான்கு நாள் அதோடுதான் அவன் வேலைக்கும் கோயிலுக்கும் போனான்.

திரும்பி வந்ததும் டாக்டரம்மா தாள்களை விரித்தார். "இந்த நான்கு நாள் மாத்திரை போடவில்லையா? நடுக்கம் அடங்கவே இல்லையே." தேதியைப் பார்த்தேன். அண்ணன் கட்டியிருந்த நாட்கள். முதலில் டப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஊரில் எடுத்த போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் அண்ணனின் வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நடுக்கத்துக்குக் காரணம் பல உண்டு. உங்கள் அண்ணனை உடனே நரம்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன்.

"அண்ணே, உன் கை ஆடுதா?"

அண்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு வருசமா. உனுக்கு வந்தது எனக்கும் வந்துட்ச்சோன்னு ஒரே பேஜாரு. ஆஸ்பத்திரில போய் நின்னா எவனாவது பாத்துட்டுப் போட்டுக் குடுத்துருவான், கிரேன்லேர்ந்து எறக்கிருவானுங்க. அதான் உன்னுத கட்டிக்கினேன்." குரல் தணிந்தது. "டாக்டரு எதுனா சொல்லுச்சா?"

எனக்கு உதவுகிறான் என்றே நினைத்திருந்தேன். என்னைப் போல அவனும் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

அண்ணி அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அதே நோய்தான். வெளியே தெரிவதற்கு முன் அவனே தொழிற்சாலையில் சொன்னான். ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். கிரேன் மேலிருந்து கடலைப் பார்க்க முடியாததுதான் குறை என்கிறான். நானும் நோயை என் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இன்னும் முழுதாக நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் கேட்டான்: "எப்போடா வூட்டுக்கு வர்ற?" ராட்டர்டாமின் இந்த மூன்றாம் மாடியில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். "வர்றேண்ணே" என்றேன்.