உங்கள் அக்கா போட்ட கவுன்

உங்கள் அக்கா திருட்டுக் கவுன் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினாள் என்று கள்ளிக்குப்பத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போன வாரம் எவனோ அதைச் சின்னவனிடம் சொல்லி, அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன், எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

கவுனை எடுத்துக் கொடுத்தவன் நான். அவளுக்கு அப்போது பத்து வயது. உங்களில் பெரியவன் தொட்டிலில் கிடந்தான், மற்றவர்கள் பிறக்கவில்லை.

அந்தக் காலத்தில் நமக்கு ஏரிக்கரை வெளுப்புத் துறையில் நல்ல வேலை இருந்தது. ரயில் இஞ்சினீயர் பங்களா, டாக்டர் பங்களா, வெள்ளைக்கார அம்மாமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் எல்லாவற்றின் துணியும் நம் வெள்ளாவியில்தான் வெந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும், அவர்களோடு கலந்து பிறந்த சட்டைக்காரப் பிள்ளைகளுக்கும். பின்வாசல் நம் பிள்ளைகளுக்கு. பின்வாசலில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கப்புறம் பின்னல், தையல், பிறகு வீடு. மேலே படிக்க வேண்டுமென்றால் முன்வாசல்தான்.

தோல் நிறத்தை வைத்துத்தான் வாசல் பிரித்திருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒரு வருஷம் நெல் மண்டிக்காரர் மகள் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். என்னைவிட ஒரு பிடி கறுப்பு அந்தப் பெண். அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கூடம் ஒன்று கட்டிக்கொடுத்திருந்தார். அவள் ரோஸ் நிறக் கவுனும் வெள்ளை ஷூவும் போட்டு வில்வண்டியில் போய் இறங்கினாள். பார்த்துக்கொண்டே நின்றேன். நிறத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, கொடுத்தால் கழுவிவிடுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அதிலேயும் ஒரு தப்புப் பண்ணினேன். வெளுக்கிறவன் துணியை வைத்துத்தான் ஆளை அளப்பான். அது தொழில் புத்தி. கூடம் கட்டின பணம் என் கண்ணில் படவில்லை. கவுன்தான் பட்டது, அதுதான் விலை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் பின்வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்களில் ஒருத்திக்கு, பரீட்சையில் முதலாவதாக வந்தால், முன்வாசல் பள்ளியில் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், பள்ளிச் சம்பளம் கட்டாமல் இடம். அவ்வளவும் சரி. கடைசி வரியில், பரீட்சைக்கு வரும் பெண்கள் கவுன் அணிந்து வரவேண்டும் என்று போட்டிருந்தது. உங்கள் அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இரவல் துணி நம் தொழிலில் புதுசு இல்லை. கல்யாணம், கருமாதி, கோர்ட்டு, பெண் பார்ப்பது எதுவானாலும் நல்ல துணி இல்லாதவன் வெளுக்கிறவன் வீட்டுக்குத்தான் வருவான். ஒரு நாள் உடுத்துவான், மறுநாள் கொடுப்பான், நாம் மறுபடி வெளுத்து உரியவரிடம் சேர்ப்போம். ஊரில் பாதிப் பேருக்கு மானம் இருந்தது நம் மூட்டையில்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவே அப்படி வந்தவர்தான்.

"அண்ணாத்தே, ஒரே ஒரு நாள். பொண்ணு ஊட்டுக்காரங்க திருவள்ளூர்லேர்ந்து வர்றாங்க. கோட்டு இல்லாம குந்தினா இன்னா நெனைப்பாங்க?"

"டாக்டர் தொரை பாத்துட்டா?"

"தொரை இன்னா என் கல்யாணத்துக்கு வந்து பந்தில குந்தப் போறாரா? குடு அண்ணாத்தே."

கொடுத்தேன். டாக்டரின் கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தார். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு வெற்றிலை பாக்கு, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் இஞ்சினீயர் பங்களா மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கவுனை எடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினேன்.

"நைனா, இது இஞ்சினீயர் ஊட்டுப் பாப்பாவோடது," என்றாள் உங்கள் அக்கா.

"தெரியும்."

"அது அங்கதான் பட்ச்சிகினு கீது. பாத்துட்டா?"

"அதுக்குப் பதினாலு கவுன் கீது. வெளுக்கற எனக்கே எது எதுன்னு தெரியல. அதுக்கு எங்கேர்ந்து தெரியப் போவுது?"

உங்கள் அம்மா கதவோரம் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "குந்தச்சொல்ல கீழ மடிச்சிப் போட்டுக் குந்துடி. கசக்கிகினு வராத."

ஷூ நம் மூட்டையில் வராது. வெறுங்காலோடு போனாள்.

ஐந்து பெண்கள் கணக்கும் தமிழும் எழுதினார்கள். மத்தியானம் பின்வாசலில் காத்திருந்தேன். தலைமை அம்மாவை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவரே வெளியே வந்தார். பைபிளிலிருந்து கற்றுக்கொண்ட தமிழ் அவருக்கு. "உன் மகள் மிகவும் நேர்த்தியாய் எழுதினாள். எழுபத்தொன்பது வாங்கியிருக்கிறாள். அவளே முதலாவது," என்றார். என் மகளின் தலையை அவர் தொட்டதையும் நான் பார்த்தேன்.

பேர் பதிவதற்கு ரிஜிஸ்தரோடு குமாஸ்தா வந்தார். அவள் குனிந்து கையெழுத்துப் போடும்போது கவுன் கழுத்து பின்பக்கம் கொஞ்சம் விலகியது. உள்ளே, வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒவ்வொரு பங்களாவுக்கும் ஒவ்வொரு குறி வைத்துத்தான் துணி மாறாமல் பார்த்துக்கொள்வோம். நம் சொந்தத் துணிக்குக் குறி கிடையாது. அது குமாஸ்தாவுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் கோட்டில் அவர் கழுத்தை உரசிக்கொண்டு இருந்ததும் அந்த மாதிரிக் குறிதானே.

கால் மணி நேரத்தில் நானும் அவளும் பெரியம்மா அறையில் நின்றோம்.

"இவன் வழக்கமா இப்டித்தாம்மா," என்றார் குமாஸ்தா. "நம்பி மூட்டையைக் குடுத்தா அதுல கை வெக்கிறவன்."

என்னை அண்ணாத்தே என்று கூப்பிட்ட அதே வாய்.

நான் அவரைப் பார்த்தேன். "சார் அந்தக் குறியை சட்டுனு அடையாளம் கண்டுகினாரே. வெளுக்கறவனுக்குத்தான் அது தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவர் கை தன் சட்டைக் காலருக்குப் போயிற்று. நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேலை அன்றோடு போயிருக்கும். பெருந்தன்மையினால் விட்டேன் என்று நினைக்காதீர்கள். அவரைக் காட்டிக்கொடுத்தால் இரவல் வாங்குவது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு எனக்கு மனசில்லை.

"அந்த உடை உன் மகளுடையதா?" என்றார் பெரியம்மா.

"இல்லீங்கம்மா."

"அப்படியானால் அவள் பொய்யை உடுத்திக்கொண்டு என் முன் வந்தாள்."

"ஏழைப் புள்ளைங்களுக்கு எடம்னு எழுதி ஒட்டினீங்க. அதுக்குக் கீழயே கவுன் போட்டுகினு வரணும்னும் எழுதினீங்க. கவுன் வாங்கத் துட்டு கீறவன் இந்த எடத்துக்கு ஏம்மா வந்து நிக்கப் போறான்?"

பெரியம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, மைப் பெட்டியோடு என் முன் வைத்தார்.

"கட்டை விரலை வெய்யி. வெச்சா இஸ்கூல் துணி வெளுக்கறது உனக்கேதான், வேற ஆளுக்குப் போவாது."

நான் தாளை எடுத்து எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். நான் கவுனைத் திருடினேன். என் மகளுக்கும் அது தெரியும். இந்தப் பள்ளியில் இனி இடம் கேட்கமாட்டோம். மன்னிக்க வேண்டும். வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. குமாஸ்தா இருமிக்கொண்டிருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை போல.

"எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்மா," என்றேன். "இதுல போடமாட்டேன்."

"அப்படியானால் துணிகளுக்கு வேறு ஆளைத் தேடுவோம்," என்றார் பெரியம்மா.

"தேடுங்க. இவ எழுதின பேப்பரக் குடுங்க, போறேன்."

"எதற்கு?"

"கவுன் இஞ்சினீயர் ஊட்டுது. கணக்குப் போட்டது எம் பொண்ணு. அது அவளது."

அவர் அதைக் கொடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொடுத்தார். அவர் கையாலேயே சிவப்புப் பென்சிலில் எழுபத்தொன்பது போட்டு, சுழித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அதில் ஒன்றையும் அடிக்கவில்லை. அவர் நேர்மையான பெண்மணி, அதையும் நான் எழுதத்தான் வேண்டும். அப்படி நேர்மையான ஒருத்தர்தான் என் பிள்ளையை வெளியே அனுப்பினார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்றைக்கே கவுனை மறுபடி வெள்ளாவி வைத்து வெளுத்து, மறுநாள் இஞ்சினீயர் பங்களாவுக்கு எடுத்துப்போனேன். துரைசானிக்கு விஷயம் முன்னாலேயே போயிருந்தது. வராந்தாவில் நின்றபடி ஆயாவிடம் ஏதோ சொன்னாள்.

"அத்த நீயே வெச்சிக்கணுமாம்," என்றாள் ஆயா. "பாப்பா இனிமே அத்தப் போடாதாம்."

"புதுசா வெளுத்துக் கொண்டாந்துகீறேனே."

"வெளுத்தாலும் போடாதாம். உம் பொண்ணு மேல பட்டது."

"இத்தினி வருசமா இவங்க உள்பாடி மொதக்கொண்டு கசக்கினது எங்கை. அது பட்டா பரவால்லியான்னு கேளு."

"நீ வேற மாமே, அத்தல்லாம் நான் இங்கிலீஷ்ல சொல்லமாட்டேன். எனக்கு வேலை வோணும்."

கதவுக்குப் பின்னால், கவுனுக்குச் சொந்தக்காரியான அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் அக்கா வயசுதான். நான் அவளிடம், "பாப்பா, உன் துணிய உன்னக் கேக்காம எடுத்துகினேன். அது எந்தப்பு," என்றேன். உங்களுக்குச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டது அவள் ஒருத்தியிடம்தான். அவளிடம் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஆயாவோடு பேசிப் பேசி அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "அவ பாஸா?" என்று கேட்டாள்.

"ஃபஸ்ட்டு," என்றேன்.

துரைசானி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். கவுனை வராந்தா நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு வந்தேன். பங்களாத் துணியும் அன்றோடு நின்றது.

பத்து நாள் கழித்து, விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளை ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பையன்கள் மட்டும்தான். ஹெட்மாஸ்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கணக்கைத் தானே இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்.

"கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா பொண்ணாச்சேப்பா."

"பொண்ணச் சேக்கக் கூடாதுன்னு ரூலு கீதா சார்?"

"ரூல்னு ஒண்ணும் இல்ல. வழக்கம் இல்ல."

"எங்கள மாதிரி ஆளுங்க புள்ளைங்க முதல் பாரம் படிக்கிறதும்தான் வழக்கம் இல்ல. ரெண்டையும் ஒண்ணா உட்டுடலாம் சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெல் மண்டிக்காரர் போர்டுல மெம்பர், தெரியுமில்ல? அவர் தம்பி பையன் இந்த வகுப்புல இருக்கான். உம் பொண்ணு அவன் பக்கத்துல உக்காந்தா, நாளைக்கே எனக்கு மேலேருந்து ஓலை வரும்."

இதைக் கவனித்துப் படியுங்கள். தன் மகளுக்கு முன்வாசலைக் காசு கொடுத்துத் திறந்தவர் அவர். இங்கே வாசலில் அவரே நின்றார். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று இப்போது எல்லாரும் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். போகட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவன் எழுந்துபோகிற நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வேணும்னா தனியா ஒரு பெஞ்சு போடறேன்," என்றார் ஹெட்மாஸ்டர்.

தனிப் பெஞ்சு எதற்கென்று எனக்குத் தெரியும். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வகுப்பறைச் சுவரில் இருந்த தேசப்படத்தை ஜன்னல் வழியாக வாசித்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது.

"போடுங்க சார்," என்றேன். "மொத வரிசைல போடுங்க."

பள்ளிச் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தார். மீதிப் பாதிக்கு ஒரு கழுதையை விற்றேன். அந்த வருஷம் நெமிலிச்சேரியிலும் முத்தாபுதுப்பேட்டையிலும் வெளுப்புக்குப் புது வீடுகள் பிடித்து, மூட்டையைத் தோளில் சுமந்தேன். உங்கள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் நாள் அவள் தன்னுடைய காவி நிறப் பாவாடையில்தான் போனாள். வாசற்படியில் நாலைந்து பையன்கள் வழிமறித்து நின்றார்கள்.

"இன்னா, அழுக்குத் துணி எடுக்க வந்துகீறியா?" என்றான் ஒருத்தன்.

நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அவள் அவன் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு நாளா இத்தயே போட்டுகினு கீற. காலரே சொல்லுது. அவுத்துக் குடு, எங்க நைனா வெளுத்துத் தருவாரு. இப்ப வழி உடு."

கூட நின்றவர்களே சிரித்தார்கள். அவன் நகர்ந்தான்.

பியூன் என்னைப் பார்த்து, "இன்னும் இன்னாய்யா நிக்கிற, கெளம்பு," என்றான். மணி அடிக்கட்டும் என்றேன். அடித்தது. வாத்தியார் வந்து பேர் வாசிக்க ஆரம்பித்தார். முப்பது பையன்கள் பேருக்குக் கடைசியில், கொஞ்சம் தயங்கி, அவள் பேரை வாசித்தார்.

"பிரசண்ட் சார்," என்றாள். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்குக் கேட்டது.