ஈரக் கை பட்ட இடம்

இரும்புலியூரில் சின்ன இன்வெர்ட்டர்கள் செய்து விற்கிறேன். உள்ளே டிரான்சிஸ்டர்கள் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விட, பெட்டியின் பின்பக்கம் அலுமினிய ஹீட்சிங்க் உண்டு. டிரான்சிஸ்டரின் முதுகிலும் மின்சாரம் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு காப்புத் தகடு வேண்டும். நான் மெல்லிய மைக்கா வைத்தேன். மெல்லிசாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

முதல் பெட்டியைக் கோவளத்தில் மீன் விற்கும் லூர்து அக்காவிடம் சோதனைக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மீன் அலசிய கையை அக்கா அப்படியே ஹீட்சிங்க் மேல் வைத்தார்.

"கதகதன்னு கீதும்மா. கை காஞ்சிடும்."

எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அந்தக் கைக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருந்தது தலைமுடி கனத்தில் ஒரு தகடு. அதில் ஒரு கீறல் விழுந்திருந்தால்?

"இன்னாம்மா ஆச்சு?"

மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் இல்லாதப்போ என் பொண்ணுதான் இங்க குந்துவா. யார் தொட்டாலும் ஒண்ணும் ஆவாத மாதிரி செஞ்சு எடுத்துகினு வா" என்றவர், பழைய டார்ச்சை எடுத்து மாட்டினார்.

அடுத்த பெட்டியில் தடிமனான செராமிக் தகடு வைத்தேன். கை உள்ளே போகாதபடி, காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டு பிளாஸ்டிக் மூடியும் போட்டேன். மின்கசிவு இல்லை என்று மீட்டரில் சோதித்த பிறகுதான் கோவளம் போனேன். அக்கா தொடுவதற்கு முன், சுவிட்சைப் போட்டு, மீன் தண்ணீரில் என் கையை நனைத்து மூடியின்மேல் வைத்தேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீயே தொட்டுட்ட. போதும்மா."

இப்போதும் தகடு வாங்கும்போது சூட்டை எவ்வளவு கடத்தும் என்று கேட்கிறேன். ஆனால் அதற்கு முன், அந்தப் பெட்டியை யார் தொடுவார்கள் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.