மருந்து என்று சொல்லி ஏற்றிய கொத்துக்கறி

2006, மாசி மாதம், ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் காரியாபட்டியில் பஸ் ஏறினேன். விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை முத்துவுக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு. மாத்திரை தங்கவில்லை, கறித்துண்டைக் கண்டாலே ஓங்கரிக்கிறாள். இப்படியே போனால் மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்து மணிக்குச் சிவகாசி. மாட்டுக்கறி கிலோ அறுபது ரூபாய். கடைக்கார பாயிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"துண்டு வேணாம்மா, கொத்தித் தாரேன், உருண்டை பிடிச்சுக் குடுங்க. இரும்புச்சத்து அம்புட்டும் இதுல இருக்கு. லேசாச் செரிக்கும். கொஞ்சம் கொழுப்பும் சேத்துத் தாரேன், இல்லாட்டி வறண்டுரும்."

அரைக்கிலோ வாங்கிக்கொண்டு விஸ்வநத்தம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய்.

"பையில என்னக்கா?" என்றார் நடத்துநர்.

கறி என்றால் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று, "தங்கச்சிக்கு மருந்து" என்றேன்.

விசில் பறந்தது. பஸ் நின்றது. பக்கத்து சீட்டு அம்மா எழுந்தே போய்விட்டார்.

"மருந்தை பஸ்ல ஏத்தக்கூடாதுன்னு தெரியாதாக்கா? இறங்குங்க!"

எங்கள் ஊரில் மருந்து என்றால் மாத்திரை, டானிக். இங்கே வெடிமருந்து! அட என் புத்தியே! பையைப் பிரித்துக் காட்டினேன். "ஐயா, கொத்துக்கறிய்யா! மாசமா இருக்க தங்கச்சிக்கு ரத்தம் குறைவு, உருண்டை பிடிச்சுக் குடுக்கணும்!"

பஸ்ஸே சிரித்தது. எழுந்து போன அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். "பொட்டுக்கடலை பொடிச்சுப் போடுங்க, எண்ணெயில பிரியாது. எலுமிச்சை பிழிஞ்சு குடுங்க, சத்து உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடுத்துராதீக" என்றார்.

முத்து வீட்டில், அந்த அம்மா சொன்னபடியே பொட்டுக்கடலைப் பொடியோடு சின்ன வெங்காயம், சோம்பு சேர்த்து அரைத்து, உருட்டிப் பொரித்தேன். முத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு தட்டையே இழுத்துக்கொண்டாள்.

"கறி மாதிரியே இல்லக்கா!"

ஆறு உருண்டை! மீதிக் கொத்துக்கறியை முருங்கைக்கீரையோடு வதக்கி, தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைத்தேன். மூன்று மணி வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமட்டல் இல்லை. சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

நாலு மணி பஸ்ஸில் அதே நடத்துநர்.

"என்னக்கா, மருந்து கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தம்பி. ஆறு குண்டு உள்ள போயிருக்கு, ஒண்ணுகூட வெடிக்கல!"