வெல்லமும் ஸ்பாஞ்சும்

ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு அச்சு வெல்லம் கொடுப்பது எங்கள் கிரானைட் கம்பெனியின் வழக்கம். அதைத் தின்றால் நெஞ்சில் படிந்த கல்தூசி வயிற்றுக்கு இறங்கி வெளியே போய்விடும் என்று முதலாளி முதல் வாட்ச்மேன் வரை நம்பினோம். வெல்லம் வராத நாளில் சண்டை போட்டிருக்கிறோம். முகமூடி வராத நாளில் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஊத்தங்கரைக்காரர். கல்லின் ஓரத்தைத் தண்ணீர் விடாமல் கிரைண்டரில் தேய்க்கிற வேலை. அதே கம்பெனியில் நான் கல் பலகைகளைத் துடைத்து மெழுகு போடுகிறேன். மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓசூரில் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிப்பார்கள், இங்கிலீஷில் ஏதோ சொல்வார்கள், மாத்திரை எழுதுவார்கள். நாங்களும் பெரிதாகப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வருவோம். மறுநாள் அவர் கிரைண்டரைப் பிடிப்பார், சாயங்காலம் வெல்லம் தின்பார்.

கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இரண்டை மேஜையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். ஒன்று அமுங்கி எழுந்தது. இன்னொன்று சிமெண்டுத் தண்ணீரில் ஊறிக் காய்ந்தது. அது அசையவில்லை.

"காத்து போற பை இப்படித்தாங்க இறுகிப்போச்சு. வெல்லம் போறது வேற குழாய்" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கட்டியைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். இனி இளகாதா என்று கேட்டார். இளகாது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அன்றோடு அவர் வேலையை விட்டார். எனக்கு நோயின் மேல்கூடக் கோபமில்லை. பெட்டிக்கடையில் தொங்குகிற ஸ்பாஞ்சை எடுத்துக் காட்ட இத்தனை வருடம் ஒருவருக்கும் கை வரவில்லையே, அதற்குத்தான் வயிறு எரிந்தது.

அதேபோல் நானும் ஒரு ஸ்பாஞ்சைச் சிமெண்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, நல்ல ஸ்பாஞ்ச் ஒன்றோடு சேர்த்துக் கம்பெனியில் நடந்த பாதுகாப்பு வகுப்புக்கு எடுத்துப் போனேன். வகுப்பெடுக்க வந்த அதிகாரி கலர் கலராக நுரையீரல் படம் போட்டு இங்கிலீஷில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஸ்பாஞ்சையும் வரிசையில் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்தவர்கள் இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார்கள். அதிகாரிதான் சிரித்தார்.

"நுரையீரலுக்குள்ள சிமெண்ட் எங்கம்மா போகுது? இது சயின்ஸே இல்ல. ஆளுங்கள பயமுறுத்தாத."

"சிமெண்ட் போகலதான் சார். அவரு நெஞ்சக் கழட்டியாந்து காட்ட முடியல, அதான் இதக் கொண்டாந்தேன்."

அன்று சாயங்காலம் யாரும் தொடாமல் வெல்லத் தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி எழாது, கிரைண்டர்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடுங்கள் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டோம். யோசிக்கிறோம் என்றார்கள்.

மறுநாள் தட்டில் வெல்லம் இல்லை. கடலை மிட்டாய் இருந்தது.